முதல் அஞ்சலை

அத்தியாயம் 14

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்குத் தெய்வநாயகி தன் கைப்பேசியை ஆராய்ச்சி மையத்தின் நுழைவாயிலில் உள்ள 214ஆம் எண் லாக்கரில் வைத்துப் பூட்டினார். வளாகத்துக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல எவருக்கும் அனுமதி இல்லை. மாலை ஐந்தேகால் மணிக்கு வெளியே வரும்போதுதான் அதைத் திரும்ப எடுக்க இயலும்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு அந்த லாக்கருக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை அதிர்ந்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

அழைப்பு எது தொடர்பானது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ‘அஞ்சலைக்கு ஒரு நாற்காலி’ என்னும் நாடகத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாக அஞ்சலை வேடம் ஏற்று வருபவர் தெய்வநாயகி. மையத்தின் ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு அது. பெரிய வீடொன்றில் இருபது ஆண்டுகள் பந்தி பரிமாறியும் ஒருநாளும் உட்கார்ந்து உண்ணாத சமையற்காரி அஞ்சலை. இறுதிக் காட்சியில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப்படுகிறது. அவள் மெல்ல அதில் அமர்கிறாள்; திரை விழுகிறது. அந்த ஓர் அமர்வுக்காக நூற்று அறுபத்து மூன்று மேடைகளில் மக்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்நாடகத்தைப் படமாக்க ஜெஸ்ஸி என்னும் இளம் இயக்குநர் முன்வந்தார். அஞ்சலையின் தோற்றச் சோதனை வியாழக்கிழமை மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் நடப்பதாக ஏற்பாடு. ஐம்பத்தேழு வயதுத் தெய்வநாயகி அதற்காக இரண்டு மாதங்களாகத் தலைக்குச் சாயம் பூசாமல் காத்திருந்தார்.

பன்னிரண்டாவது அழைப்பு, சோதனைக்கான விண்ணப்பத்தில் இரண்டாவதாகக் குறித்திருந்த எண்ணுக்குச் சென்றது. அது அவருடைய கணவர் கோதண்டராமனின் எண். அதே மையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இப்போது செங்கல்பட்டு வீட்டில் காலை நாளிதழை இரண்டு முறை படிப்பவர்.

“சார், நான் ஹரிகிருஷ்ணன். ஜெஸ்ஸி மேடத்தோட யூனிட்லேருந்து பேசறேன். தெய்வநாயகி அம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க.”

“எடுக்க முடியாதுப்பா. ட்யூட்டில இருக்காங்க. அஞ்சேகாலுக்கு மேல பேசு.”

“வியாழக்கிழமை கேன்சல் சார். மேடம் இன்னிக்குச் சாயங்காலம் ஹைதராபாத் போறாங்க. மதியம் ரெண்டு மணிக்குள்ள டெஸ்ட் எடுத்தாகணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லிட்டாங்க. அவங்க ஆபீஸ் நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“கொடுங்க சார்.”

“அது ஆபீஸ் விஷயத்துக்கு இருக்கற நம்பர். சொந்த விஷயத்துக்குக் கொடுக்கக் கூடாது. நான் தகவல் சேர்த்துடறேன்.”

அவர் தகவலைச் சேர்த்த விதம் இது. மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒற்றை விரலால், மனைவியின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினார். “அலுவலகத் தொலைபேசியில் அழைக்க விரும்பவில்லை. தோற்றச் சோதனை இன்றே. மதியம் 2 மணி. உடன் புறப்படவும்.” அச்செய்தி ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு 214ஆம் எண் லாக்கருக்குள் போய்ச் சேர்ந்தது.

தம் கடமை முடிந்ததாக அவர் மனமார நம்பினார்.

பத்தேகால் மணிக்கு அவருடைய தங்கை சங்கரி வந்தாள். ஆடிச் செவ்வாய் என்பதால் திருப்போரூரிலிருந்து தூக்கில் கூழும் ஒரு சம்புடத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் கொண்டுவந்திருந்தாள். ஐம்பது வயது, வேகமான நடை, இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வருவதில்லை.

“இன்னாண்ணா, காலங்காத்தால போனத் தடவிகினு கீற?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்டி வேர்க்குது?”

கோதண்டராமனுக்கு மறைக்கத் தெரியாது. சொல்ல வேண்டியதை உரிய காலத்தில் சொல்லவும் தெரியாது. படம், இயக்குநர், இரண்டு மணி எல்லாவற்றையும் சொன்னார். ஜூன் மாதத்திலிருந்து சங்கரியின் காதுக்குப் போகாமல் குடும்பம் காத்துவந்த செய்தி அது.

சங்கரி தூக்கின் மூடியைத் திறந்தாள்; மறுபடி மூடினாள்.

“அஞ்சலையா அண்ணி நடிக்கப் போறாங்களா. சினிமால.”

“ஆமா.”

“அப்ப ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்றதுதான? இன்னமும் அந்த போன்ல பேசக் கூடாதா?”

‘இன்னமும்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் ஓசை கேட்டது. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொல்லைப்புறம் போனார். கைப்பேசி மேசைமீது கிடந்தது. அது மீண்டும் ஒலித்தபோது சங்கரி எடுத்தாள்; ஹரிகிருஷ்ணன் பேசினான்.

“அம்மா, அஞ்சலையா நடிச்சவங்க கிட்ட சொல்லிட்டீங்களா? கிளம்பிட்டாங்களா?”

சங்கரி கொல்லைப்புற வாசலைப் பார்த்தாள். மோட்டார் நின்றுவிட்டது, அண்ணன் இன்னும் வரவில்லை.

“நான்தான் பேசறேன்,” என்றாள். “எங்க வரணும், சொல்லு.”

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் அவள் ஏறியபோது மணி பத்து ஐம்பது. அண்ணனிடம், “மகாபலிபுரத்துல ஒருத்தரப் பாத்துட்டு வரேன், கூழு புளிச்சிப்போறதுக்குள்ள குடி” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பதினொரு மணிக்குள் மனைவிக்கு மேலும் இரண்டு செய்திகள் அனுப்பினார்.

மகள் கீர்த்தனா மாடியறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இணையவழி அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். பன்னிரண்டு பத்துக்குத் தேநீருக்காக இறங்கி வந்தபோது, தந்தை நான்காவது செய்தியை எழுதிக்கொண்டிருந்தார்.

“யாருக்குப்பா?”

“அம்மாவுக்கு. டெஸ்ட் இன்னிக்காம். காலையிலேருந்து அனுப்பறேன், பதிலே இல்ல.”

“அம்மா போன் லாக்கர்ல இருக்குப்பா.”

“தெரியும்.”

“தெரிஞ்சே அனுப்பறியா?”

“எடுத்தவுடனே பார்ப்பாளே.”

கீர்த்தனா ஹெட்செட்டைக் கழற்றினாள். “நீ முப்பத்து நாலு வருஷம் அங்க என்னப்பா வேலை பார்த்தே?” என்று கேட்டுவிட்டு, குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த தாளில் தாய் பணிபுரியும் பிரிவின் தொலைபேசி எண்ணைத் தேடி அழைத்தாள். மறுமுனையில் இருந்தவர், தெய்வநாயகி கிடங்குச் சரிபார்ப்புக்கு வேறு கட்டடத்துக்குச் சென்றிருப்பதாகவும், உணவு இடைவேளை முடிந்து வந்ததும் சொல்வதாகவும் கூறினார். அவரும் சொன்னார். ஒன்று ஐம்பதுக்குச் சொன்னார்.

அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, கையொப்பம் பெற்று, நுழைவாயிலுக்கு வந்து தெய்வநாயகி லாக்கரைத் திறந்தபோது மணி இரண்டு இருபது. பதினாறு தவறிய அழைப்புகள் இருந்தன. கணவரிடமிருந்து நான்கு செய்திகள் இருந்தன. நான்கும் ‘அலுவலகத் தொலைபேசியில் அழைக்க விரும்பவில்லை’ என்றே தொடங்கின. நான்காவது செய்தியில் ‘ஏன் பதில் இல்லை?’ என்றும் இருந்தது.

அவர் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. கிழக்குக் கடற்கரைச் சாலைவரை ஆட்டோவில் வந்து, புதுச்சேரியிலிருந்து வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். இருக்கை இல்லை. மாமல்லபுரம்வரை நின்றுகொண்டே சென்றார்.

விடுதியின் வரவேற்பறையில் ஹரிகிருஷ்ணன் எதிர்ப்பட்டான்.

“சொல்லுங்கம்மா, யாரைப் பார்க்கணும்?”

“நான் தெய்வநாயகி. லேட்டாயிடுச்சு. மேடம் இருக்காங்களா?”

அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “தெய்வநாயகி அம்மா உள்ள மேக்கப்போட இருக்காங்களே. பன்னெண்டரைக்கே வந்துட்டாங்க.”

கடலைப் பார்த்த அறை ஒன்றில், மங்கிய காவிநிறப் பருத்திப் புடவை கட்டி, கொண்டையை இழுத்து முடிந்து, சங்கரி உட்கார்ந்திருந்தாள். ஒப்பனை செய்பவர் அவளுடைய புறங்கையில் தழும்புபோல் எதையோ தீட்டிக்கொண்டிருந்தார்.

“நீ இங்க என்ன பண்றே, சங்கரி?”

“அஞ்சலையா நடிச்சவங்க வேணும்னு கேட்டாங்க. வந்தேன்.”

“நீ நாற்பது நாள் ஒத்திகை பார்த்தே. நடிக்கலை.”

“யாரால நடிக்கல?”

“உன்னாலதான். முதல் மணி அடிக்கும்போது முகத்துல வண்ணம் இல்லாதவங்களுக்கு அந்த வேஷம் இல்லை. நாடக டைரக்டர் மோசஸ் சார் வச்ச சட்டம் உனக்கும் தெரியும். நீ வரலை. பக்கவாட்டுல நின்னு வசனம் எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தவ நான். எனக்குத்தான் முழுசாப் பாடம்னு என் கையில புடவையைக் கொடுத்தாரு. நான் என்ன பண்ணியிருக்கணும்கறே?”

ஒப்பனை செய்பவர் தூரிகையை வைத்துவிட்டு வெளியே போனார்.

“வர்லையா?” என்றாள் சங்கரி. “நான் வர்லன்னா சொல்ற? அப்ப இருந்த படாளத்துலேர்ந்து மத்தியானமே கெளம்பிட்டேன். திருக்கழுக்குன்றத்தாண்ட பஸ்சு பிரேக் டவுனு. எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து அண்ணனுக்கு போன் போட்டேன். அரை மணி லேட்டாவும், மோசஸ் சார் கைல சொல்லுன்னேன். ‘இது ஆபீஸ் போனு, சொந்த விசயம்லாம் பேசக் கூடாது, வையி’ன்னு வச்சிட்டாரு. மறுபடி போட்டேன். எடுக்கவே இல்ல. நீயும் அதே பில்டிங்குதான?”

முதல் மேடையேற்றம் நடந்த நாள் அது. 2001ஆம் ஆண்டு மார்ச் 16, வெள்ளிக்கிழமை. அன்று மாலை கோதண்டராமன் அரங்கத்துக்கு வந்தார். சங்கரி எங்கே என்று எல்லாரும் கேட்டபோது, தெரியவில்லை என்று கையை விரித்தார். அந்தக் காட்சி தெய்வநாயகிக்கு நன்றாக நினைவிருந்தது.

“எனக்கு இது தெரியாது,” என்றார். “உங்கண்ணன் என்கிட்ட சொல்லவே இல்லை.”

“இருவத்திநாலு வருசமாவா?”

“இருபத்து நாலு வருஷமா.”

“நீ சொல்லித்தான் வச்சாருன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

“நினைச்சா நேர்ல வந்து கேட்டிருக்கலாமே.”

“கேட்டு? வேசத்தக் குடுத்துருப்பியா?”

தெய்வநாயகி தன் கைப்பேசியை எடுத்து, அன்று காலை வந்த நான்கு செய்திகளையும் நாத்தனாரிடம் காட்டினார். சங்கரி ஒவ்வொன்றாகப் படித்தாள். நான்காவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நெடுநேரம் நிற்கவில்லை.

“மாறவே இல்ல, அண்ணன்,” என்று கண்ணைத் துடைத்தாள். தீட்டிய தழும்பு கன்னத்தில் ஒட்டியது.

காலையிலிருந்து வெளியே வேறு வேலையாக இருந்த ஜெஸ்ஸி அப்போதுதான் வந்தார். முப்பது வயதிருக்கும். பள்ளியில் படிக்கும்போது மையத்தின் குடியிருப்பு அரங்கத்தில் இந்நாடகத்தைப் பார்த்தவர். நடந்ததை இரண்டு வாக்கியங்களில் கேட்டுக்கொண்டார், யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார். சங்கரியின் சோதனையை உதவியாளர்கள் ஏற்கெனவே பதிவுசெய்திருந்தார்கள்; நெருக்கக் காட்சிக்காகத்தான் தழும்பு தீட்டிக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகிக்கும் அதே இறுதிக் காட்சி. அதே மர நாற்காலி.

தெய்வநாயகி நடித்தார். நூற்று அறுபத்து மூன்று முறை செய்ததை நூற்று அறுபத்து நான்காம் முறையாக, ஓர் அசைவும் பிசகாமல் செய்தார். பின்பு இரண்டு பதிவுகளையும் சிறு திரையில் அடுத்தடுத்துப் பார்த்தார்கள்.

எதிலும் குறை காணும் பழக்கமுள்ள தெய்வநாயகியின் கண் தன் குறையையும் விட்டுவைக்கவில்லை. தன் பதிவில் இருந்த பெண் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேசினாள். புருவத்தை அரங்கத்தின் மறுகோடிக்குத் தெரியும்படி உயர்த்தினாள். சங்கரியோ யாருக்கும் கேட்க வேண்டும் என்று பேசவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். அது யாருடையது என்று யோசிப்பவள்போல் நின்றாள். பிறகு, உட்காராமலே, “அடுத்த பந்திக்கு எல போடட்டா?” என்று கேட்டாள்.

“நான் குறைச்சுச் செய்யறேன்,” என்றார் தெய்வநாயகி. “இன்னொரு முறை எடுங்க.”

எடுத்தார்கள். குறைத்துச் செய்தபோது, குறைத்துச் செய்கிறார் என்பது மட்டுமே தெரிந்தது. மூன்றாம் முறை அவரே கேட்கவில்லை.

“அம்மா, நான் உங்களை வச்சுத்தான் இந்தப் படத்தையே எழுதினேன்,” என்றார் ஜெஸ்ஸி. “பொய் சொல்லலை. ஆனா உங்க அஞ்சலை மேடையில வளர்ந்துட்டா. அவங்க அஞ்சலையை யாரும் தொடவே இல்லை. அப்படியே இருக்கா.”

“தொடாம இருந்தது அவ தப்பில்லை. என் தப்பும் இல்லை.”

“ஆமாம்மா.”

“எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேண்டாம்மா.” ஜெஸ்ஸி தயங்கினார். “ஒண்ணு கேட்கணும். நீங்க உட்கார்றீங்க. அவங்க நிக்கறாங்க. எது சரி?”

“நிக்கறதுதான் எளுதினது,” என்றாள் சங்கரி.

“நிக்கறதுதான்,” என்று தெய்வநாயகியும் ஒப்புக்கொண்டார். “முதல் நாள் எனக்குக் கால் நடுங்கிச்சு. விழுந்துடுவேன்னு பயந்து உட்கார்ந்தேன். கைதட்டினாங்க. மோசஸ் சார் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு.”

அதுவரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாலை ஆறரை மணிக்குத் தெய்வநாயகி செங்கல்பட்டு வீட்டுப் படியேறினார். காலையில் வந்த கூழ் தூக்கிலேயே புளித்திருந்தது. கோதண்டராமன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கீர்த்தனா அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சங்கரி அவளிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள்.

“உட்காருங்க,” என்றார் தெய்வநாயகி. கணவர் உட்காரவில்லை.

“விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு, நாயகி. எல்லாரும் அந்த போன்ல சொந்த விஷயம் பேசினா—”

“போனை வச்சதைக் கேட்கலை. நீங்க அப்படித்தான். தெரிஞ்சுதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் அரங்கத்துல, தெரியலைன்னு கையை விரிச்சீங்களே, அதைக் கேட்கறேன். ஏன் சொல்லலை?”

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், மறுபடி செருகினார்.

“அன்னிக்கு நான் வந்து சேர்றப்ப நீ அந்தப் புடவையைக் கட்டியிருந்தே. ராத்திரி வீட்டுக்கு வந்தும் கழட்டலை. சொல்லியிருந்தா ரெண்டாவது நாள் மேடை ஏறியிருக்க மாட்டே.”

“ஏறியிருக்க மாட்டேன்தான்.”

“அதான் சொல்லலை.”

“அது எனக்காகச் செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?”

கீர்த்தனா தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

அன்று இரவு எட்டு மணிக்குள் முடிவானவை வருமாறு. திரைப்படத்தில் அஞ்சலையாகச் சங்கரி நடிப்பாள். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவாள். அவளுக்கு வசனப் பயிற்சி அளிக்க வருமாறு ஜெஸ்ஸி கேட்டிருந்ததற்கு, இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்ட வேலைக்குத் திரும்ப விருப்பமில்லை என்று தெய்வநாயகி எழுதி அனுப்பினார். 2001ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றிக் கோதண்டராமன் ஞாயிற்றுக்கிழமை திருப்போரூருக்குச் சென்று, தங்கையின் கணவர் முன்னிலையில், தம் வாயால் சொல்ல வேண்டும்; அவர் ஒப்புக்கொண்டார். ஆகஸ்டு 30, சனிக்கிழமை செங்கல்பட்டில் நடைபெறும் நாடகத்தில் அஞ்சலையாகத் தெய்வநாயகியே நடிப்பார்.

அன்றைக்கு முதல் வரிசையில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று சங்கரி சொல்லி அனுப்பியிருந்தாள். அந்நாடகத்தை அவள் இதுவரை ஒருமுறையும் பார்த்ததில்லை. தெய்வநாயகி இடத்தைக் குறித்து வைத்தார். இறுதிக் காட்சியில் அஞ்சலை உட்கார்வதா, நிற்பதா என்பதை மட்டும் அவர் அன்று முடிவு செய்யவில்லை.